நாயகனின் தம்பி போட்ட கையெழுத்து: எல்லைப்புறப் பத்திரங்கள் யாருக்கு, எதற்கு?

‘ஜெஸ்ஸி ஜேம்ஸ்’ என்று கையெழுத்தான ஒரு நீதிமன்ற மனு கான்சாஸ் சிட்டியில் விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வங்கிகளையும் ரயில்களையும் கொள்ளையடித்த ஜெஸ்ஸி ஜேம்ஸ், 1882 ஏப்ரல் 3 அன்று மிசூரி மாநிலத்தின் செயின்ட் ஜோசப் நகரில் கூட்டாளி ஒருவனால் சுட்டுக் கொல்லப்பட்டவர். நீதிமன்றத்தில் மனுப் போடும் வாழ்க்கை அவருக்கு வாய்க்கவில்லை. அவருடைய மகனுக்கு வாய்த்தது. தகப்பன் பெயரையே தாங்கிய ஜெஸ்ஸி எட்வர்ட்ஸ் ஜேம்ஸ் (1875–1951), ரயில் கொள்ளை வழக்கு ஒன்றில் தானும் சிக்கி 1899-இல் விடுதலையானார். பிறகு சட்டம் படித்து அதே ஊரில் வழக்கறிஞரானார். ஆக, தாள் உண்மை, மை உண்மை, கையெழுத்தும் உண்மை. வாங்குகிறவர் மனதில் நினைக்கும் ஆள் மட்டும் வேறு.

அமெரிக்க எல்லைப்புறத்தின் பெயர்போன மனிதர்களுடைய அண்ணன் தம்பி, மனைவி, மக்கள், மருமக்கள் கையெழுத்திட்ட சட்டத் தாள்களைச் சேகரிக்கும் பழக்கம் இப்படியொரு வழுக்கலான தரையில்தான் நிற்கிறது. அந்தத் தாளின் மதிப்பு எதில் இருக்கிறது? அது நாயகனின் நிழல் படிந்த நினைவுப்பொருளா, வரலாற்றுச் சான்றா, வேறொருவர் அலமாரியிலிருந்து தவறி வந்த பொதுச்சொத்தா? மூன்று விடைகளுக்கும் நீண்ட பின்னணி உண்டு. மூன்றிலும் ஓட்டைகளும் உண்டு.

ஏன் சட்டத் தாள்?

எல்லைப்புற நாயகர்களில் பலர் எழுத்தோடு ஒட்டாதவர்கள். மலைவழிகாட்டி கிட் கார்சனுக்குத் தன் பெயரை எழுத வரும். அதற்கு மேல் வராது. தன் வாழ்க்கைக் கதையையே அவர் சொல்லி எழுதவைத்தார். ஜிம் பிரிட்ஜருக்கு (1804–1881) அதுவும் வராது. பெருக்கல் குறி போடுவார். கடிதமும் நாட்குறிப்பும் விட்டுப்போகாத இவர்களைக் காகிதத்தில் பிடித்துவைத்தது சட்டம். நிலம் வாங்கினால், கடன்பட்டால், ஜாமீன் நின்றால், கல்யாணம் செய்தால், செத்தால் ஒரு தாள் பிறந்தது. அந்தத் தாளில் நாயகன் தனியாக நிற்பதில்லை. சாட்சியாகத் தம்பி, ஜாமீன்தாரராக மைத்துனன், உரிமையை விட்டுக்கொடுப்பவளாக மனைவி, வாரிசாக மகள் என்று குடும்பமே வரிசையில் நிற்கும்.

டேனியல் பூன் (1734–1820) குடும்பம் இதற்குத் தலையாய எடுத்துக்காட்டு. கென்டக்கியில் நிலம் பிடித்தவர்கள் மரத்தையும் ஓடையையும் எல்லைக்கல்லாகக் காட்டி அளந்தார்கள். ஒருவர் அளந்ததன்மேல் மற்றவர் அளந்தது ஏறி உட்கார்ந்தது. பூன் தாமே நில அளவையாளராக வேலை பார்த்தவர். அவருடைய உரிமைகளும் ஒவ்வொன்றாகக் கைநழுவின. பிறருடைய எல்லை வழக்குகளில் பழைய குறிமரம் எது என்று சொல்ல அவரைச் சாட்சிக்கு அழைத்தார்கள். 1798-இல் கென்டக்கி ஒரு மாவட்டத்துக்கு அவர் பெயரை வைத்தது. மறு ஆண்டே அவர் குடும்பத்தோடு மிசூரிக்குப் போய்விட்டார். அங்கும் பட்டா சிக்கல். 1814-இல் அமெரிக்க நாடாளுமன்றம் தலையிட்டுத்தான் சுமார் 850 ஏக்கர் திரும்பக் கிடைத்தது. இத்தனை வழக்குகள் நடந்த குடும்பத்தில் தம்பி ஸ்குவயர் பூனும் மகன்களும் மருமகன்களும் கையெழுத்திட்ட தாள்கள் மிஞ்சாமல் இருந்தால்தான் வியப்பு.

சேகரிப்பும் ஏறத்தாழ அப்போதே தொடங்கிவிட்டது. 1815 வாக்கில் ஜார்ஜ் வாஷிங்டனின் உறவினர் வீட்டில் ஆசிரியராக இருந்த வில்லியம் ஸ்ப்ரேக், வாஷிங்டனின் கடிதக் கட்டுகளிலிருந்து வேண்டியதை எடுத்துக்கொள்ள வாஷிங்டனின் தம்பி மகன் புஷ்ராடிடம் அனுமதி பெற்றார். ஒரே நிபந்தனை, எடுத்த இடத்தில் நகல் வைத்துவிட வேண்டும். மூலம் சேகரிப்பாளருக்கு, நகல் ஆவணக் கட்டுக்கு என்ற இந்த ஏற்பாடு இன்று எந்த ஆவணக் காப்பாளரையும் திடுக்கிடவைக்கும். அன்றைக்கு அது பெருந்தன்மையாகப் பட்டது.

எல்லைப்புற உறவினர்களை வீடு வீடாகத் தேடிப்போனவர் லைமன் டிரேப்பர் (1815–1891). 1851-இல் பூனின் கடைசி மகன் நேதனையும் மனைவி ஆலிவையும் சந்தித்துப் பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்தார். குடும்பத் தாள்களையும் வாங்கிவந்தார். இரவல் வாங்கியதைத் திருப்பித் தரவில்லை என்ற புகார் அவர் உயிரோடிருந்தபோதே எழுந்தது. பூன் வரலாற்றை அவர் எழுதி முடிக்கவும் இல்லை. ஆனால் கென்டக்கி, டென்னசிக் குடும்பங்களின் தாள்கள் இன்று விஸ்கான்சின் வரலாற்றுச் சங்கத்தில் ஒன்றாக இருப்பது அவரால்தான். சொந்த ஊரில் இருந்திருந்தால் எத்தனை மிஞ்சியிருக்கும் என்பதற்கு எரிந்துபோன கென்டக்கி நீதிமன்றக் கட்டடங்கள் ஒரு பதில். டிரேப்பரைத் திருடர் என்பவர்களும் காப்பாற்றியவர் என்பவர்களும் ஒரே ஆதாரத்தைத்தான் காட்டுகிறார்கள்.

நினைவுப்பொருள் என்பவர்கள்

முதல் நிலைப்பாடு சேகரிப்பாளர்களுடையது. நாயகனின் கையெழுத்து கிடைப்பதில்லை, கிடைத்தால் கைக்கு எட்டும் விலையில் இல்லை. அண்ணன் கையெழுத்து இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வயாட் எர்ப் குடும்பத்தை எடுத்துக்கொண்டால் இந்த வாதம் வெறும் ஆறுதல் பரிசு அல்ல என்று தெரியும். தகப்பன் நிக்கலஸ் எர்ப் மிசூரியின் லாமர் ஊரில் சமாதான நீதிபதியாக இருந்தார். மகன் வயாட் அதே ஊரின் காவலர். 1870 ஜனவரி 10 அன்று வயாட்டின் முதல் திருமணத்தை நடத்திவைத்ததும் தகப்பன்தான். அதே ஆண்டு காவலர் பதவித் தேர்தலில் வயாட்டை எதிர்த்து நின்றவர் அவருடைய மாற்றாந்தாய்வழி அண்ணன் நியூட்டன். ஊர் நிர்வாகம் என்பதே கிட்டத்தட்ட ஒரு வீட்டுச் சமாசாரமாக இருந்த இடத்தில், நிக்கலஸ் கையெழுத்திட்ட ஒரு சம்மன் வயாட்டைப் பற்றி எதுவும் சொல்லாமலே அவருடைய உலகத்தைச் சொல்லிவிடுகிறது.

இந்த நிலைப்பாட்டின் பலவீனம், உறவு தூரமாகத் தூரமாக அதற்கு எல்லை போட யாராலும் முடியாது என்பது. மகனுக்கு மதிப்பு உண்டென்றால் பேரனுக்கு? ஓரகத்திக்கு? விற்பனைக் குறிப்பில் ‘பூனின் உறவினர்’ என்ற சொல் தாராளமாகப் புழங்குகிறது. எந்த வழியில் உறவு என்று கேட்டால் பதில் பல நேரம் குடும்பப் பெயரோடு நின்றுவிடுகிறது. வாங்குகிறவர் கையில் உண்மையில் இருப்பது 1820-ஐ ஒட்டிய ஒரு கடன் சீட்டு. மற்றதெல்லாம் அதனோடு சேர்த்து விற்கப்பட்ட கதை.

சான்று என்பவர்கள்

வம்சாவளி ஆய்வாளர்களும் வரலாற்றாசிரியர்களும் தாளைத் திருப்பிப் படிக்கிறார்கள். யார் கையெழுத்து என்பதைவிட எதற்காகக் கையெழுத்து என்பதே அவர்களுக்கு முக்கியம். நாயகன் தன்னைப் பற்றி எழுதும்போது வருங்காலத்தை நினைத்து எழுதுவான். கடன் பத்திரத்தில் ஜாமீன் போடும் மைத்துனனுக்கு வருங்காலத்தைப் பற்றிய கவலை கிடையாது. அடுத்த தவணையைப் பற்றித்தான் கவலை. அதனாலேயே அந்தத் தாளை நம்பலாம் என்பது இவர்கள் வாதம்.

ஆப்ரகாம் லிங்கனின் பெற்றோர் முறைப்படி மணந்தவர்களா என்ற வம்பு நெடுங்காலம் ஓயாமல் இருந்தது. 1878-இல் கென்டக்கியின் வாஷிங்டன் மாவட்ட நீதிமன்றத்தில் 1806 ஜூன் 10 தேதியிட்ட திருமண உறுதிப் பத்திரம் கிடைத்த பிறகுதான் அது அடங்கியது. அதில் மணமகளின் காப்பாளர் என்று கையெழுத்திட்டவர் ரிச்சர்ட் பெரி. அந்தப் பெயருக்கு ஏலத்தில் எந்தக் கவர்ச்சியும் இல்லை. வம்பை முடித்தது அந்தப் பெயர் நிற்கும் தாள்தான்.

இதைவிடச் சிக்கலானது சகாகவேயாவின் விவகாரம். லூயிஸ், கிளார்க் பயணக் குழுவோடு கைக்குழந்தையைச் சுமந்து பசிபிக் கடற்கரை வரை நடந்த ஷோஷோனிப் பெண் அவர்; ஷார்போனோ என்பவரின் மனைவி. எப்போது இறந்தார்? 1812 டிசம்பர் 20 அன்று மேனுவல் கோட்டையில் எழுத்தராக இருந்த ஜான் லுட்டிக், ஷார்போனோவின் மனைவி காய்ச்சலில் இறந்ததாகவும் ஒரு பெண் குழந்தையை விட்டுச் சென்றதாகவும் குறித்துவைத்தார், பெயரைச் சொல்லவில்லை. ஷார்போனோவுக்கு மனைவியர் ஒருவருக்கு மேல். அடுத்த ஆண்டு, 1813 ஆகஸ்டில், செயின்ட் லூயிஸ் அனாதைகள் நீதிமன்றத்தில் ஒரு காப்பாளர் நியமனத் தாள் உருவாகிறது. ஷார்போனோவின் குழந்தைகள் இருவர்: சுமார் பத்து வயது என்று சொல்லப்படும் துசாந்த் என்ற பையன், சுமார் ஒரு வயது லிசெத். காப்பாளர் என்ற இடத்தில் முதலில் எழுதப்பட்ட பெயர் லுட்டிக். பிறகு அது அடிக்கப்பட்டு வில்லியம் கிளார்க் என்று திருத்தப்பட்டிருக்கிறது.

அந்த ஓர் அடித்தல் எத்தனை வேலை செய்கிறது என்று பாருங்கள். மரணத்தைக் குறித்த அதே எழுத்தர்தான் குழந்தையைச் செயின்ட் லூயிஸுக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்க வேண்டும் என்ற ஊகத்துக்கு இடம் தருகிறது. கிளார்க் பொறுப்பேற்றதால் தாய் உயிரோடு இல்லை என்ற முடிவுக்கு வலுச் சேர்க்கிறது. ஆனால் பையனின் பெயரும் வயதும் சகாகவேயாவின் மகன் ஜான் பாப்டிஸ்டுக்கு (பிறப்பு 1805 பிப்ரவரி) அப்படியே பொருந்தவில்லை. 1925-இல் அரசுக்காக விசாரித்த சார்ல்ஸ் ஈஸ்ட்மனும், 1933-இல் நூல் எழுதிய கிரேஸ் ஹெபர்டும், சகாகவேயா வயோமிங்கின் விண்ட் ரிவர் பகுதியில் 1884 வரை வாழ்ந்தார் என்ற வாய்மொழி மரபின் பக்கம் நின்றார்கள். இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் 1812 என்பதையே ஏற்கிறார்கள். அது வலுவான ஊகம்தான், தீர்ப்பு அல்ல.

சான்றுக் கட்சியின் குறையும் இதே தாளில் தெரிகிறது. சட்டத் தாள் சட்டத்துக்கு வேண்டியதை மட்டும்தான் சொல்லும். கிளார்க்குக்குக் காப்பாளர் உரிமை வந்ததா என்பது அதற்கு முக்கியம். பிள்ளையின் சரியான பெயர் முக்கியமல்ல. கேட்காத கேள்விக்கு அது தந்த பதிலைச் சத்தியவாக்காக எடுப்பது சரியல்ல.

பெயர் ஒன்று, ஆள் பல

எல்லைப்புறக் குடும்பங்கள் பெயர் வைப்பதில் கஞ்சத்தனம் காட்டின. டேனியல் பூனின் தகப்பனும் ஸ்குவயர், தம்பியும் ஸ்குவயர். டேனியல் என்ற பெயர் அண்ணன் தம்பி பிள்ளைகளிலும் உண்டு. டேவி கிராக்கெட்டின் மகன் ஜான் வெஸ்லி கிராக்கெட் தகப்பனைப் போலவே டென்னசியிலிருந்து நாடாளுமன்றம் போனார்; தகப்பன் பாடுபட்டும் நிறைவேறாத நில மசோதாவின் ஒரு வடிவத்தை 1841-இல் நிறைவேற்றியும் வைத்தார். பெயரை மட்டும் பார்த்துத் தாளை அடையாளம் காண்பவர் இப்படிப்பட்ட குடும்பங்களில் தடுமாறாமல் இருக்க முடியாது. தேதி, ஊர், பக்கத்தில் நிற்கும் சாட்சிகள், நிலத்தின் எல்லை விவரம் ஆகிய நான்கும் ஒத்துப்போனால்தான் ஆள் யாரென்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். அதாவது, தாளின் மற்றப் பகுதி கையெழுத்தைவிட முக்கியமாகிறது.

போலி இதற்கு அடுத்த படி. உறவினர் கையெழுத்தை யாராவது பொய்யாகப் போடுவார்களா, அதில் என்ன லாபம் என்று சேகரிப்பாளர்கள் கேட்பதுண்டு. உட்டாவைச் சேர்ந்த மார்க் ஹாஃப்மன் இதற்குப் பதில் தந்தார். மார்மன் சமய நிறுவனர் ஜோசப் ஸ்மித்தின் தாய் லூசி மேக் ஸ்மித் 1829-இல் எழுதியதாக அவர் கொண்டுவந்த கடிதம் 1982-இல் பெரும் கண்டுபிடிப்பாக வரவேற்கப்பட்டது. ஜிம் பிரிட்ஜரின் பெருக்கல் குறி போட்ட புரோநோட்டுகளையும் அவர் தயாரித்து விற்றார். எழுத்துத் தெரியாதவர் பெயரில் போலி செய்வது எவ்வளவு சௌகரியம்! ஒத்துப்பார்க்கக் கையெழுத்தே கிடையாது. குட்டு வெளிப்படும் என்ற அச்சத்தில் 1985 அக்டோபரில் அவர் வைத்த குண்டுகளுக்கு இருவர் பலியானார்கள். 1987 ஜனவரியில் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆயுள் தண்டனை பெற்றார்.

அவரைக் காட்டிக்கொடுத்தது மை. ஜார்ஜ் த்ராக்மார்ட்டனும் வில்லியம் ஃப்ளினும் நுண்ணோக்கியில் பார்த்தபோது, ஹாஃப்மன் கைப்பட்ட தாள்களில் மாசிக்காயும் இரும்பு உப்பும் சேர்த்த மை முதலைத் தோல்போல வெடித்திருந்தது. இயல்பாக வயதான மையில் அந்த வெடிப்பு இல்லை. அவசரமாக வயதாக்கப்பட்ட மையில் இருந்தது. ஆனால் இந்தச் சோதனை பெரிய விலைக்குப் போகும் தாளுக்கே நடக்கும். சில நூறு டாலருக்குப் போகும் ஒரு மருமகனின் ரசீதை நுண்ணோக்கியின் அடியில் வைக்க எந்த வணிகரும் செலவழிக்கமாட்டார். உறவினர் தாள்கள் நம்பகமானவை, காரணம் அவற்றைப் போலி செய்ய யாருக்கும் ஆசை இராது என்ற வாதம் சந்தை இல்லாத வரைக்கும்தான் செல்லும். சந்தை வந்துவிட்டால், சோதனை குறைவு என்பதே போலிக்காரருக்கு அழைப்பாகிவிடும்.

போலி எப்போதும் மையில் இருப்பதில்லை. 1941-இல் ஒரு பெண் தாம் கெலமிட்டி ஜேனுக்கும் வைல்ட் பில் ஹிக்கோக்குக்கும் பிறந்தவர் என்று நாட்குறிப்பும் திருமணக் குறிப்பும் கொண்டுவந்தார். நலத்துறை அதை ஏற்று உதவித்தொகையும் வழங்கியது. கெலமிட்டி ஜேனுக்கு எழுதவே தெரிந்திருக்காது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஹிக்கோக் 1876 மார்ச்சில் செயென் நகரில் மணந்தது ஆக்னஸ் லேக் என்ற சர்க்கஸ்காரியை. அரசு முத்திரை ஒரு தாளின் மேல் விழுந்தால் உறவு மெய்யாகிவிடாது.

எந்தத் தாள் வெளியே வரலாம்?

மூன்றாவது நிலைப்பாடு ஆவணக் காப்பகங்களுடையது: நீதிமன்றத்தில் பிறந்த தாள் நீதிமன்றத்துடையது, நூறு கை மாறினாலும் அது மாறாது. இதைச் சரியாக எடைபோட ஒரு நடைமுறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். சேகரிப்பாளர்களில் பலரே இதைக் கவனிப்பதில்லை.

அமெரிக்க மாவட்ட அலுவலகத்தில் கிரயப் பத்திரம் பதிவாகும்போது எழுத்தர் அதை வரிக்கு வரி ஒரு தடித்த பதிவேட்டில் படியெடுப்பார். மூலம் வாங்கியவர் கைக்குப் போய்விடும். நம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரத்தைப் புத்தகத்தில் படியெடுத்துவிட்டு மூலத்தைக் கட்சிக்காரரிடம் திருப்பிக் கொடுத்த பழைய முறையை நினைத்துக்கொண்டால் போதும். ஆகவே பதிவேட்டில் இருக்கும் ‘டேனியல் பூன்’ பூனின் கையெழுத்தே அல்ல, எழுத்தருடையது. அசல் கையெழுத்து உள்ள பத்திரம் ஒரு குடும்பப் பெட்டியில் இருந்தால் அது இருக்கவேண்டிய இடத்தில்தான் இருக்கிறது. அதை விற்பதிலும் வாங்குவதிலும் தவறில்லை. இதற்கு நேர்மாறானவை மனு, சம்மன், வாரன்ட், ஜாமீன் பத்திரம், வாக்குமூலம், குற்றப்பத்திரிகை, இறந்தவரின் சொத்துப் பட்டியல். இவை நீதிமன்றக் கட்டை விட்டு வெளியே போக வழியே இல்லாதவை. வெளியே இருந்தால் யாரோ எடுத்திருக்கிறார்கள், அல்லது தூக்கி எறிந்திருக்கிறார்கள்.

இந்தக் கடைசிச் சொல்லில்தான் தகராறு. வட கரோலினாவில் 1767, 1768-ஆம் ஆண்டுகளின் இரண்டு குற்றப்பத்திரிகைகள் ஒருவர் கைக்கு வந்திருந்தன. பின்னாளில் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட வில்லியம் ஹூப்பர், அரசு வழக்கறிஞராக அவற்றில் கையெழுத்திட்டிருந்தார். அந்த ஒரு காரணத்தால்தான் அவற்றுக்குச் சந்தையில் விலை. மாநிலம் வழக்குத் தொடுத்தது. 1977-இல் மாநில உச்ச நீதிமன்றம் அவை மாநிலத்துக்கே சொந்தம் என்றது. எழுத்தர்களின் அசட்டை பொதுச்சொத்தைத் தனிச்சொத்தாக்கிவிடாது என்பது தீர்ப்பின் சாரம். 1948-இல் தொடங்கிய கையெழுத்துச் சேகரிப்பாளர் சங்கமும் வணிகர்களும் அதிர்ந்தார்கள். இந்தக் கணக்கில் பார்த்தால் நாட்டின் பாதித் தொகுப்புகள் பறிபோகுமே என்பது அவர்கள் அச்சம்.

அவர்களுக்குச் சாதகமான தீர்ப்பும் உண்டு. 1953-இல் மினசோட்டாவின் செயின்ட் பால் நகரில் ஒரு வீட்டுப் பரணில் வில்லியம் கிளார்க்கின் பயணக் களக்குறிப்புகள் கிடைத்தன. அரசுப் பயணத்தில் எழுதியது அரசுடையது என்று அமெரிக்க அரசு உரிமை கோரித் தோற்றது. குறிப்புகள் கடைசியில் யேல் பல்கலைக்கழகம் போய்ச் சேர்ந்தன. இரண்டு தீர்ப்பும் முரணாகத் தெரிந்தாலும் நான் மேலே சொன்ன வேறுபாட்டோடு பொருந்துகின்றன. குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்காகவே பிறந்தது. களக்குறிப்பு அப்படிப் பிறந்தது என்று மெய்ப்பிக்க முடியவில்லை.

டேவி கிராக்கெட்டின் திருமண உரிமச் சீட்டு இந்தக் கோட்டை மேலும் சோதித்தது. 1805 அக்டோபரில் டென்னசியின் ஜெஃபர்சன் மாவட்டத்தில் மார்கரெட் எல்டரை மணக்க அவர் வாங்கிய சீட்டு அது. பெண் வேறொருவரை மணந்துகொண்டதால் பயன்படாமல் போனது. அது ஃபுளோரிடாவில் ஒரு வீட்டில் இருப்பது பின்னர் தெரியவந்தது. நீதிமன்றம் குப்பையில் போட்டதை உறவினர் ஒருவர் காப்பாற்றினார் என்பது வைத்திருந்தவர் தரப்பு. மாவட்டம் வழக்குப் போட்டு வென்றது. சட்டப்படி தீர்ப்பு ஐயத்துக்கு இடமற்றதாக இருக்கலாம். ஆனால் இருபதாம் நூற்றாண்டில் பல நீதிமன்றங்கள் பழைய கட்டுகளைக் குப்பையாகவே கண்டன என்பதும் மெய். எடுத்தவர் இல்லாவிட்டால் அந்தச் சீட்டு இன்று இருந்திருக்குமா என்ற கேள்வியைத் தீர்ப்பு தொடவில்லை.

மறுபக்கம், தூக்கி எறியாமல் மறந்துபோனதும் உண்டு. டூம்ஸ்டோனில் 1881 அக்டோபரில் எர்ப் சகோதரர்கள் நடத்திய துப்பாக்கிச் சண்டையில் இறந்தவர்கள் குறித்த பிரேத விசாரணையின் கையெழுத்துப் படி, பல பத்தாண்டுகள் காணாமல் கிடந்து, 2010-இல் அரிசோனாவின் பிஸ்பீ நகரில் பழைய சிறை அறையொன்றில் இருந்த பெட்டியில் நீதிமன்ற ஊழியர்கள் கண்ணில் பட்டது. அது தனித்தாள்களாக ஏலத்துக்குப் போயிருந்தால் எந்தச் சாட்சிக்குப் பிறகு எந்தச் சாட்சி என்ற வரிசையே கலைந்திருக்கும். தாள் பிழைப்பது வேறு, கட்டு பிழைப்பது வேறு. காப்பகங்களின் வாதத்தில் எனக்கு வலுவாகப் படுவது உரிமைப் பேச்சைவிட இதுதான்.

கையெழுத்துப் போடாதவர்கள்

அண்மைக் காலத்தில் நான்காவது குரல் ஒன்று எழுந்திருக்கிறது. இது உறவினர் என்ற சொல்லையே பிடித்து உலுக்குகிறது. கணவன் நிலம் விற்கும்போது மனைவியின் பங்குரிமை விடுபட, அதிகாரி அவளைத் தனியே அழைத்து, கணவன் காதில் விழாத இடத்தில் சம்மதமா என்று கேட்டுப் பதிய வேண்டும் என்பது வர்ஜீனியா, கென்டக்கிச் சட்டம். அந்தச் சடங்கின் மிச்சம் பத்திரத்தின் அடியில் இருக்கும்: நடுவில் ஒரு பெருக்கல் குறி, இடப்பக்கம் பெயரின் முன்பாதி, வலப்பக்கம் பின்பாதி, குறிக்கு மேலே ‘அவளுடைய’, கீழே ‘குறி’. எழுதியதெல்லாம் எழுத்தர், அவள் இழுத்தது இரண்டு கோடு. அந்தக் குறியைப் பூனின் மனைவி ரெபேக்கா போட்டது என்று விற்றால் விலை உண்டு. அவள் உண்மையில் சம்மதித்தாளா என்பதைத் தாள் சொல்லாது. கேட்டதாக மட்டும் சொல்லும்.

பிறர் கையெழுத்தில் மட்டுமே வாழ்கிறவர்களும் உண்டு. கோமான்சித் தலைவர் குவானா பார்க்கரின் தாய் சிந்தியா ஆன் பார்க்கர் 1836-இல் சிறுமியாகக் கடத்தப்பட்டு, கோமான்சிப் பெண்ணாகவே வளர்ந்து, 1860 டிசம்பரில் ‘மீட்கப்பட்டார்’. 1861-இல் டெக்சாஸ் சட்டமன்றம் ஐந்தாண்டுக்கு ஆண்டுதோறும் 100 டாலரும் நிலமும் தந்து, தகப்பன் வழி உறவினர் இருவரைக் காப்பாளராக்கியது. அவர் வேண்டியது கோமான்சிகளிடம் திரும்பிப் போவது. அதற்குப் படிவம் இல்லை. காப்பாளர்களின் கையெழுத்து மட்டும் ஆவணமாயிற்று.

இன்னும் கசப்பானது அடிமை விற்பனைச் சீட்டுகள். பூன் குடும்பம் உள்ளிட்ட பல எல்லைப்புறக் குடும்பங்கள் ஆட்களை வாங்கி விற்றன. அச்சீட்டில் விற்றவரின் கையெழுத்துக்காகப் பணம் கொடுப்பவர், விற்கப்பட்டவரின் பெயரையும் வயதையும் சுமக்கும் ஒரே தாளைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறவராகவும் இருக்கலாம். அதன் பிரதியைக்கூட விற்கப்பட்டவரின் வம்சத்தார் பார்க்க வழியில்லாமல் போவது பெரும் அநியாயம். இதைத் தடுக்கும் சட்டம் எதுவும் தெளிவாக இல்லை. வணிகர்களில் சிலர் தாமாக நகல் தருகிறார்கள், பலர் தருவதில்லை. இந்தக் குரலின் பலவீனம் என்னவென்றால், என்ன செய்யவேண்டும் என்பதில் அதற்குள்ளேயே ஒருமிப்பு இல்லை. விற்பனையையே நிறுத்தச் சொல்வோரும் உண்டு. விற்றாலும் உள்ளடக்கம் பொதுவில் இருந்தால் போதும் என்போரும் உண்டு.

இவர்களுக்கு நடுவில் எமிலி ஆஸ்டின் பெரியை எங்கே வைப்பது? டெக்சாஸ் குடியேற்றத்தின் தந்தை எனப்படும் ஸ்டீபன் ஆஸ்டின் 1836 டிசம்பரில் மணமாகாமல் இறந்தபோது அவருடைய பெருஞ்சொத்து தங்கை எமிலியிடம் வந்தது. ஸ்பானிய வழிச் சட்டம் மணமான பெண்ணுக்கும் தனிச்சொத்தை அனுமதித்திருந்ததால் அவர் கையெழுத்துக்கு எடை இருந்தது. அவருடைய பத்திரத்தை ‘ஆஸ்டினின் தங்கை’ என்று விற்பது விலைக்கு நல்லதாக இருக்கலாம், பொருளுக்கு நல்லதல்ல. டெக்சாஸ் நிலச் சந்தையின் ஒரு முக்கியப் புள்ளி, நிழலாக ஆகிவிடுகிறார்.

எது தீர்ந்தது, எது தீரவில்லை

இவ்வளவையும் வைத்துப் பார்க்கையில், ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியவை சில உண்டு. உறவினரின் சட்டத் தாள் நாயகனின் கையெழுத்துக்கு மாற்று அல்ல. அதை அப்படி விற்பதும் வாங்குவதும் இருதரப்புக்கும் நட்டம். கட்டோடு இருக்கும்வரை அது பல நேரம் நாயகனின் சொந்தக் கடிதத்தைவிட நல்ல சான்று. பிரித்தெடுத்த மறுநாள் அதன் பாதி வலு போய்விடுகிறது. கட்சிக்காரரிடம் திருப்பித் தரப்பட்ட கிரயப் பத்திரத்தையும் நீதிமன்றக் கட்டிலிருந்து வந்த தாளையும் ஒரே தட்டில் வைக்கமுடியாது. வாங்குமுன் கேட்கவேண்டிய முதல் கேள்வி யார் கையெழுத்து என்பதல்ல, இந்தத் தாள் எந்த வாசல் வழியாக வெளியே வந்தது என்பது.

தீராதவை கனமானவை. மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. ஓரிடத்தில் பறிமுதலாகும் தாள் எல்லை தாண்டினால் தடையின்றி விலைபோகிறது. நீதிமன்றமே அதிகாரபூர்வமாகக் கழித்துவிட்ட கட்டுகளுக்கு என்ன நிலை என்பதில் தீர்ப்புகள் ஒத்துப்போவதில்லை; கழித்ததற்கான உத்தரவும் பெரும்பாலும் கட்டோடு சேர்ந்து போயிருக்கும். உரிமையை வலியுறுத்த வலியுறுத்த, வைத்திருப்பவர்கள் தாளை வெளியே காட்டாமல் பதுக்குவார்கள் என்ற சேகரிப்பாளர்களின் எச்சரிக்கையைக் காப்பகங்கள் இன்னும் நேராக எதிர்கொள்ளவில்லை. தனியாரிடம் உள்ள தாள்களைப் படமெடுத்து, அவை பிரிந்துவந்த கட்டின் எண்ணோடு கணினியில் மறுபடி கோத்துவைக்கலாம் என்ற யோசனை எல்லாத் தரப்புக்கும் ஏற்புடையதாகத் தெரிகிறது. படம் கொடுத்தவர்மேல் வழக்குப் போடமாட்டோம் என்ற உறுதியை எந்த மாவட்டம் தரும் என்பதில் போய் அது நிற்கிறது.